முரட்டுக் கட்டையும் ஒற்றைக் கோடாலியும்

காஞ்சி மாநகரத்தில் சாயச்சாலை நடத்தும் கனவான்களுக்கும், கோயில் மடப்பள்ளிகளின் பொறுப்பை ஏற்றிருக்கும் பெரியோர்களுக்கும், கலியாணச் சமையல் ஒப்பந்தம் எடுக்கும் தலைமைப் பரிசாரகர்களுக்கும், இவர்கள் எல்லாருக்கும் விறகு நிறுத்துக் கொடுக்கும் தொட்டிக்காரர்களுக்கும் வந்தனம்.

தொழிலால் வெவ்வேறு திசைகளில் இருக்கும் நீங்கள் அனைவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே விதமாக நடந்து வருகிறீர்கள் என்பதை நெடுங்காலமாகப் பார்த்து வந்தவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதத் துணிகிறேன். புளியின் அடிமரம், வேம்பின் கவை, சவுக்கின் தூர், வேலிகாத்தானின் முறுக்கேறிய வேர்க்கட்டை முதலியவை நேரான விறகைக் காட்டிலும் மலிவாய்க் கிடைக்கின்றன; அடுப்பில் நெடுநேரம் நின்று எரியவும் செய்கின்றன; ஆகையால் அவற்றை வண்டி வண்டியாக வாங்கி முற்றத்தில் கொட்டிக்கொள்கிறீர்கள். பிறகு, தோளில் ஒற்றைக் கோடாலியுடன் தெருவோடு போகிற ஒருவரைக் கூப்பிட்டு, இத்தனை எடைக்கு இவ்வளவு கூலி என்று பேசி முடித்து, இனி அவர் பாடு, கட்டையின் பாடு என்று உள்ளே போய்விடுகிறீர்கள். அந்தக் கட்டை மலிவாய்க் கிடைத்ததற்குக் காரணமே அது எளிதில் பிளக்காது என்பதுதான்; விலையில் நீங்கள் மிச்சம் பிடித்த தொகையை அந்த மனிதர் தம் தோள்பட்டையிலிருந்து கொடுத்துத் தீர்க்கிறார். ஆகவே என் விண்ணப்பம் இவ்வளவே: முரட்டுக் கட்டையை வாங்குகிறவர் எவரோ, அதைப் பிளப்பதற்குரிய கருவிகளையும் அவரே வாங்கித் தம் முற்றத்தில் வைத்திருக்க வேண்டும்.

நம் ஊருக்கும் நெருப்புக்கும் உள்ள பந்தம் புராதனமானது. அத்திகிரி வரதன் பிரமதேவனின் வேள்வித் தீயினின்று தோன்றியவன் என்றும், அவ்வேள்வியை அழிக்க வேகவதியாய்ப் பெருகி வந்த சரஸ்வதியைத் திருவெஃகாவில் குறுக்கே சயனித்துத் தடுத்தவனும் அவனே என்றும் ஸ்தலபுராணம் பேசுகிறது. அவனுக்கு நிவேதனமாகும் குடலை இட்லி, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலைக்குள் மாவு வார்க்கப்பட்டு, மிளகும் சீரகமும் சுக்கும் மணக்க, சுமார் 3 மணி நேரம் ஆவியில் வேக வேண்டியது. அந்த மூன்று மணி நேரமும் ஆவி ஒரே சீராய் எழும்பாவிட்டால் மேற்புறம் வெந்து நடுப்பாகம் மாவாகவே நின்றுவிடும். சீரான ஆவி வேண்டுமானால் சீரான தணல் வேண்டும். சீரான தணலுக்கு ஒரே கனமுள்ள பிளாச்சுகள் வேண்டும் என்பதை மடப்பள்ளியில் நிற்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாயச்சாலையில் இந்த நியாயம் இன்னும் கடுமையானது. கோராப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசை. அதை நீக்குவதற்காகச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் இடும்போது, நீர் 90 முதல் 95 பாகை வரை சூடேறி அங்கேயே நிற்க வேண்டும். தளதளவென்று கொதித்துப் புரண்டால் இழை சிக்குப்பட்டு உரோமம் எழும்பிவிடும். சாயம் ஏற்றும்போதோ சூடு படிப்படியாய் உயர வேண்டும்; ஒரேயடியாய் உயர்ந்தால், கழியில் தொங்கும் சிட்டத்தை ஆள் எவ்வளவு சுறுசுறுப்பாய்த் திருப்பினாலும், நிறம் ஓரிடத்தில் கறுத்தும் ஓரிடத்தில் வெளுத்தும் திட்டுத்திட்டாய் ஏறிவிடும். பிறகு பிள்ளையார்பாளையத்துத் தறியில் ஒருவர் கோர்வை வாங்கி நெய்து முடித்த முகூர்த்தப் புடைவையில் அந்தத் திட்டு வந்து நிற்கும்போது, விறகைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. அடுப்பின் முன் அமர்ந்திருப்பவர் பயன்படுத்தக்கூடிய ஒரே சாதனம், மணிக்கட்டுப் பருமனுள்ள பிளாச்சு ஒன்றை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமே. ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும்படியான புளியங்கட்டையை முழுசாய் உள்ளே செலுத்திவிட்டால் அதன் பிறகு அடுப்பு தன்னிஷ்டப்படியே நடக்கும். ஆதலால் கட்டை பிளப்பதைச் சாயத்தொழிலுக்கு வெளியே உள்ள எடுபிடி வேலையாகக் கருதாமல், அத்தொழிலின் முதல் அங்கமாகவே கொள்வது பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

இனி மரங்களைப் பார்ப்போம். நேரான மரத்தில் இழைகள் பாவு போல நெடுகிலும் ஒரே திசையில் ஓடுகின்றன. ஓரிடத்தில் பிரித்துவிட்டால் மறு கோடி வரை தாமே பிரிந்துகொடுக்கும். புளி, வேம்பு போன்றவற்றிலோ, சில ஆண்டு வளர்ச்சி ஒரு புறம் சாய்ந்தும் அடுத்த சில ஆண்டு வளர்ச்சி எதிர்ப்புறம் சாய்ந்தும் படிவதனால், பாவோடு ஊடையும் சேர்ந்து நெய்யப்பட்டது போன்ற ஒரு கட்டுக்கோப்பு உண்டாகிவிடுகிறது. கசாப்புக் கடைக்காரர்கள் இறைச்சி வெட்டுவதற்குப் புளியங்கட்டையைத் தேடிப் பிடிப்பது இந்தக் குணத்துக்காகத்தான். ஆயிரம் வெட்டு விழுந்தாலும் பிளக்காத மரம் என்று ஒரு தொழில் போற்றி வாங்குவதை, இன்னொரு தொழில் பிளப்பதற்கென்று வாங்குகிறது! சாலைகளை அகலப்படுத்துவதற்காக வீழ்த்தப்பட்ட பழம் புளிய மரங்களும், 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி கரையேறிய வர்தா புயலில் சென்னை, திருவள்ளூர், காஞ்சி வட்டாரங்களில் வேரோடு சாய்ந்த பலவகை மரங்களும் விறகாய் முடிந்த காலத்தில், முரட்டுக் கட்டைக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

சவுக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சென்னைக் கடற்கரையோரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரெயில் எஞ்சின்களுக்கு எரிபொருளாகும் பொருட்டுத் தோப்புத் தோப்பாய் வளர்க்கப்பட்ட இம்மரம், பச்சையாய் இருக்கும்போது பெரும்பாலும் ஓரிரு வெட்டுக்கே வாய் திறந்துவிடும். ஒரு கோடை காய்ந்த பிறகு பிடிவாதம் பிடிக்கும். அதன் தூர் மட்டும் எக்காலத்திலும் பிடிவாதமே. வேலிகாத்தான் சமாசாரம் வேறு. 1877-ஆம் வருஷத்தில் ஜமைக்காவிலிருந்து விதை வருவித்துக் கடப்பைப் பக்கத்தில் ஊன்றப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தச் சீமைக்கருவேல், ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்ற நம் பிரதேசத்தில் இன்று எந்த ஏரியின் உட்புறத்தையும் விட்டு வைக்கவில்லை. அதை ஒழிக்கச் சொல்லி நீதிமன்றம் வரை உத்தரவுகள் பிறந்தும், வெட்ட வெட்டத் தழைக்கிறது. அப்படி வெட்டுப்பட்டுத் தழைத்து மறுபடி வெட்டுப்பட்டதன் பயனாய், அதன் அடிக்கட்டையில் பத்துக் கிளைகளின் வேர்ப்பிடிப்பு ஒன்றன்மேல் ஒன்று உருண்டு திரண்டு கிடக்கிறது. தணலுக்கு அதற்கு நிகரானது அபூர்வம். கோடாலிக்கு அதைப் போன்ற சத்துருவும் அபூர்வமே.

தெருவோடு போகிறவரின் தோளில் இருப்பது பெரும்பாலும் வெட்டுக் கோடாலி. கிளையைக் குறுக்கே வெட்டுவதற்காக அதன் வாய் மெல்லியதாகவும் கன்னம் ஒட்டியதாகவும் அடிக்கப்பட்டிருக்கும். ஒரே கருவியைக் கொண்டு எல்லா வேலையும் செய்ய வேண்டியவர் அதைத் தேர்ந்தெடுத்திருப்பதில் குற்றமில்லை. ஆனால் இழை பின்னிய கட்டையில் அது இறங்கும் ஆழத்துக்கு விரிவு உண்டாவதில்லை. வாய் புதைந்து, கன்னங்களை மரம் கவ்விக்கொள்ள, இறக்கியதைவிட மிகுந்த பிரயாசையுடன் அதை அசைத்து அசைத்துப் பிடுங்க வேண்டியிருக்கிறது. இதைக் கண்ட நீங்கள் 'சாணை பிடித்துக்கொண்டு வாரும்' என்று உபதேசம் செய்கிறீர்கள். கூர்மை ஏற ஏற அது இன்னும் ஆழமாய்ப் புதையுமேயன்றிப் பிளக்காது. பிளப்பதற்கு வேண்டியது கூர்மையைவிடக் கனத்த கன்னம்: மரத்துக்குள் நுழைந்தவுடனே இரு பக்கத்தையும் நெம்பித் தள்ளும் தடிப்பு. அப்படிப்பட்ட பிளக்கும் கோடாலி ஒன்று, இரும்பு மாத்திரம் இரண்டு முதல் இரண்டரைக் கிலோ எடையில், உங்களிடம் இருப்பது நல்லது. ஆனாலும் நான் முக்கியமாய்ப் பரிந்துரைப்பது அதுவன்று, ஆப்பையும் சம்மட்டியையுமே.

ஆப்பு எவ்வளவு பழமையான கருவி என்பதற்குப் பஞ்சதந்திரத்தின் முதற்கதையே சாட்சி. கோயில் கட்டும் இடத்தில் தச்சர்கள் பாதி பிளந்து ஆப்பு வைத்துவிட்டுப் போன மரத்தின் மேல் ஏறி, அந்த ஆப்பை ஆட்டிப் பிடுங்கிய குரங்கின் கதியை அறியாத குழந்தை நம் தெருக்களில் உண்டா? ஆப்பசைத்த குரங்கு என்று அதை வசைமொழியாகவே ஆக்கிக்கொண்டோம். கோயில் கட்டியவர்களின் கையில் அன்று இருந்த கருவி, கோயிலுக்கு விறகு பிளப்பவரின் கையில் இன்று இல்லை என்பதுதான் என் மனத்தாங்கல். ஆப்புக்குள்ள மேன்மை என்னவென்றால், அது இறங்கிய இடத்திலேயே தங்கி, அடுத்த அடி விழும்வரை தான் வென்ற விரிவை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறது. கோடாலியில் ஒவ்வொரு வெட்டும் புது வெட்டு, முந்தியது வீணாகலாம். ஆப்பில் ஒவ்வோர் அடியும் முந்தியதன் மேல் ஏறுகிறது.

ஓர் ஆப்பு போதாது. ஒன்று சிக்கிக்கொண்டால் அதை விடுவிக்க மற்றொன்று வேண்டும். ஆகையால் இரண்டு அவசியம், மூன்று உத்தமம். ஒன்று ஒடுங்கிய வாயும் நீண்ட உடலுமாய்த் தொடங்குவதற்கு. மற்ற இரண்டும் தடித்தவையாய்த் தொடர்வதற்கு. ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கலாம். கொல்லுப்பட்டறையில் பழைய லாரியின் அச்சிரும்பு கிடைத்தால் அதைக் கொண்டு செய்யச் சொல்லுங்கள். வாயை மட்டும் காய்ச்சித் தோய்க்க வேண்டும், தலையைத் தோய்க்கவே கூடாது என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிடுங்கள். தலையும் இறுகிப்போனால் சம்மட்டி படும்போது தெறிக்கும் சில்லு கண்ணைக் குறிபார்த்தே வரும். தோய்க்காத தலை நாளடைவில் விரிந்து ஓரம் மடிந்துகொள்ளும். அந்த மடிப்பையும் அவ்வப்போது சாணையில் அரைத்து நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே உடைந்து தெறிக்கும். கோடாலியின் பின்புறத்தால் ஆப்பை அடிக்கிற வழக்கம் நம்மிடையே பரவலாய் இருக்கிறது. கோடாலியின் கண் விரிந்து, ஒரு நாள் இரும்பு காம்பைவிட்டுக் கழன்று பறப்பதற்கு அதைவிடச் சுலபமான உபாயம் வேறில்லை.

இரும்பு ஆப்பு வாய் திறந்த வெடிப்பில், காய்ந்த கருவேலத்திலோ வேலிகாத்தானிலோ செதுக்கிய மர ஆப்புகளை நுழைத்துக்கொண்டே போனால் இரும்பை எடுத்து அடுத்த இடத்தில் வைக்கலாம். அவற்றுக்குக் காசு செலவில்லை. வெடிப்பு நன்றாய் விரிந்தபின் கடைசி இழைகளைப் பிய்ப்பதற்குக் கடப்பாரை உதவும்.

சம்மட்டி கனமாய் இருந்தால்தான் வேலை நடக்கும் என்ற நம்பிக்கை ஒன்று உண்டு. எடையை இரட்டித்தால் அடியின் சக்தி இரட்டிக்கிறது. வேகத்தை இரட்டித்தாலோ சக்தி நான்கு மடங்காகிறது என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிக சாஸ்திரம். ஆகையால் தூக்கவே திணறும் சம்மட்டியைவிட, நாள் முழுதும் வேகம் குன்றாமல் வீசக்கூடிய நான்கு கிலோ சம்மட்டியே மேலானது. அதற்குக் காம்பு வைப்பதில் நம் ஜில்லாவின் கல்லுடைக்கும் தொழிலாளர்களைப் பின்பற்றலாம். அவர்கள் பயன்படுத்தும் கெட்டி மூங்கில் வீச்சில் சற்று வளைந்து கொடுத்து, அடியின் அதிர்ச்சி முழங்கைக்கு ஏறாமல் தானே வாங்கிக்கொள்கிறது. கோடாலிக்கு, இழை நுனி முதல் அடி வரை நேராக ஓடும் வைரம் பாய்ந்த மரக் காம்பு வேண்டும். இந்நாளில் கடைவீதியில் இரும்புக் குழாயைப் பற்றவைத்துக் காம்பாக்கிய கோடாலிகளை விற்கிறார்கள். உடையாது என்பது அதன் விளம்பரம். மெய்தான், அது உடையாது. பிடிக்கிறவரின் மணிக்கட்டும் முழங்கையும்தான் வருஷக்கணக்கில் சிறிது சிறிதாய் உடையும்.

கருவி வந்தால் போதாது, கட்டையும் அதற்கு ஏற்றபடி வர வேண்டும். இதில் தொட்டிக்காரர்களின் தயவு தேவை. மூன்றடி நீளமுள்ள புளியங்கட்டையைப் பிளப்பது, ஓரடி நீளமுள்ள மூன்று கட்டைகளைப் பிளப்பதைவிடப் பன்மடங்கு சிரமம். நீளம் கூடக் கூட, பின்னிய இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடங்களும் கூடுகின்றன. ஆகவே நிறுத்துக் கொடுக்கும் இடத்திலேயே ரம்பத்தால் ஓரடிக்கோ ஒன்றரை அடிக்கோ துண்டு போட்டு, கணு உள்ள பாகத்தைத் தனியே ஒதுக்கிக் கொடுத்துவிட்டால் பாதி யுத்தம் அங்கேயே முடிந்துவிடும்.

பிளக்கும் முறையைப் பற்றி அதைச் செய்பவர்களுக்கு நான் பாடம் சொல்லப் போவதில்லை. கூலி கொடுக்கும் நீங்கள் குறுக்கே நின்று தவறாய்ச் சொல்லாமலிருப்பதற்காகச் சிலவற்றைக் குறிக்கிறேன். 'நட்ட நடுவில் போடும்' என்று நீங்கள் கூவுவது வழக்கம். பெருங்கட்டையின் நடுவில் முதல் அடி விழக்கூடாது; ஓரத்திலிருந்து பட்டை பட்டையாய்க் கழற்றிக்கொண்டு வந்தால் நடுக்கட்டை தானே சிறுத்துப்போகும். வெட்டுமுகத்தில் காய்ச்சலால் விழுந்திருக்கும் வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுவே ஆப்பு வைக்க வேண்டிய வழி. கவையில் இரண்டு கிளைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முயல்வது வீண்; இழைகள் அவ்விடத்தில்தான் இறுகப் பின்னியிருக்கும். இரு கிளைகளின் நடுத்தண்டும் சேர்ந்து இரண்டாய்ப் பிளக்கும்படி ஆப்பை வைத்தால் கவையும் வழிக்கு வரும். கட்டையைத் தரையில் வைத்து அடிக்கலாகாது. மண் அடியை விழுங்கிவிடும். கீழே முழங்காலுக்குச் சற்றுத் தாழ்ந்த புளிய அடிக்கட்டை ஒன்று நிலையாய்க் கிடக்கட்டும். அதன்மேல் பழைய லாரி டயர் ஒன்றைப் பொருத்தி அதற்குள் கட்டையை நிறுத்தினால், பிளாச்சுகள் காலில் தெறிக்காமல் டயருக்குள்ளேயே நிற்கும். கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் காலுக்கு ஒரு பூட்ஸும் இந்தச் செலவோடு சேர்ந்தவையே.

இயந்திரம் இருக்கும்போது இந்தப் பழங்கருவிகள் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நீரழுத்தத்தால் பிளக்கும் யந்திரம் பெரிய தொட்டிக்காரருக்கு உசிதமாய் இருக்கலாம்; ஆண்டில் சில வண்டிக் கட்டை மட்டும் பிளப்பவருக்கு அது முற்றத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆடம்பரம். பின்லாந்து தேசத்தில், பட்டவுடனே ஒரு பக்கம் திரும்பி நெம்பும்படி எடை ஒருபுறம் ஒதுங்கிய கோடாலி ஒன்றை இயற்றியிருக்கிறார்கள். கணுவில்லாத கட்டைகளில் அது விறகை வெகு லாகவமாய் உதிர்த்துக் காட்டுகிறது. நம் புளியிடமும் வேலிகாத்தானிடமும் அந்த வித்தை பலிக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. எரிவாயுவுக்கு மாறிவிட்டவர்களுக்கு இம்மடல் சம்பந்தமில்லாதது. அவர்களை இத்தோடு விடைகொடுத்து அனுப்புகிறேன்.

விறகு சுமப்பதைத் தாழ்ந்த தொழிலாய் எண்ணுகிற புத்தி நம்மில் பலருக்கு உண்டு. பாணபத்திரருக்காக ஆலவாய் அண்ணலே விறகு விற்க வந்தான் என்று மதுரைத் திருவிளையாடலை மெய்சிலிர்த்துக் கேட்போம். நம் ஊர்த் திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் துணி வெளுத்தே நாயன்மாரானார் என்று பெருமை பேசுவோம். ஆனால் முற்றத்தில் வியர்வை சிந்தி நிற்பவருக்குப் புளிக்கும் சவுக்குக்கும் ஒரே கூலி பேசுவோம். எடைக்கு இவ்வளவு என்ற கணக்கு நேரான விறகுக்குப் பொருந்தும். கவைக்கும் தூருக்கும் நாட்கூலிதான் நியாயமானது. அவசரப்பட்டு அடிக்கும் அடியில்தான் ஆபத்து அதிகம்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாய் வெட்டிய கட்டையில் எடையின் பாதியளவுகூட நீராய் இருக்கக்கூடும். கொதிநிலையை எட்டிய நீரில் ஒரு கிலோவை ஆவியாக்க மாத்திரம் சுமார் 540 கிலோ கலோரி செலவாகிறது. இவ்வாறு 100 கிலோ பச்சைக்கட்டையின் நீரை ஓட்டுவதற்கே ஏறக்குறைய 7 கிலோ உலர்ந்த விறகின் சூடு வீணாகிறது. புகையாலும் மங்கிய சுவாலையாலும் உண்டாகும் நஷ்டம் இதற்கு மேற்பட்டது. பட்டையோடு கிடக்கும் முழுக்கட்டை ஓர் ஆண்டானாலும் உள்ளே ஈரம் காக்கும்; பிளந்து அடுக்கியது வெகு சீக்கிரம் உலரும். பல மரங்கள் பச்சையாய் இருக்கும்போதே இலகுவாய்ப் பிளப்பதால், வாங்கியவுடன் பிளப்பதே இருவகையிலும் லாபம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் முற்றத்துக் கட்டை நனைந்து போகும். ஆகையால் ஆவணி, புரட்டாசிக்குள் இவ்வேலை முடிந்தாக வேண்டும். அதற்கு ஆடி மாதத்திலேயே பட்டறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

முற்றமில்லாத சமையல் ஒப்பந்தக்காரர்கள், தாங்கள் விறகு வாங்கும் தொட்டியிலேயே இக்கருவிகளில் ஒரு தொகுதியைப் பொதுவாய் வைக்கச் சொல்லி, வாடகை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். தொட்டிக்காரருக்கும் அதில் நஷ்டமில்லை. தூரும் கவையும் சீக்கிரம் விற்றுப்போகும். பட்டறையிலிருந்து ஆப்பும் சம்மட்டியும் வந்து சேர்ந்ததும், அவற்றை நீங்கள் தூக்கிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல், வழக்கமாய் வந்து பிளக்கிறவரை அழைத்து அவர் கையில் கொடுங்கள். காம்பின் நீளம் எவ்வளவு, சம்மட்டியின் எடை சரியா, எந்த ஆப்பின் வாயை இன்னும் சற்று ஒடுக்க வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். அவர் சொன்னபடி திருத்திக் கொண்டுவந்த பிறகு பட்டறைக்காரருக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாம்.

இங்ஙனம்,
தங்கள் ஊரவன்,
காஞ்சிபுரம்